மூலமும் உரையும்: மும்பையில் திறந்த மென்பொருள்

பழந்தமிழ் நூல்களின் முகப்பேட்டில் ‘மூலமும் உரையும்’ என்னும் தொடரைக் கண்டு பழகியவர்கள் நாம். உரையாசிரியர் எத்துணைப் பெரியவராயினும், மூலத்தை மறைத்துவிட்டு உரையை மட்டும் கையில் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே நிலைபெறவில்லை. 1887-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை வெளியிட்டபோது நூலும் நச்சினார்க்கினியர் உரையும் சேர்ந்தே வெளிவந்தன. படிப்பவர் உரையை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘இவ்விடத்தில் பொருள் பொருந்தவில்லை’ என்று சொல்லலாம். கையில் வேறோர் ஏடு இருந்தால் பாட வேறுபாட்டை எடுத்துக் காட்டலாம். ஐயரவர்களும் பின்வந்த பதிப்புக்களில் திருத்தங்கள் செய்துகொண்டே சென்றார்கள்.

கணிப்பொறி உலகில் ‘திறந்த மூலம்’ என்று பேசப்பெறும் கொள்கை இதனின்றும் வெகு தொலைவில் உள்ளதன்று. கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம். மனிதர் எழுதியதும் மனிதர் படிக்கக்கூடியதுமான வடிவம் மூலநிரல். அதனைப் பொறிக்கு உரிய எண் வடிவாக மாற்றிவிட்டால், பொறிக்கு விளங்கும், நமக்கு விளங்காது. கடையில் விலைக்கு வருவன பெரும்பாலும் இவ்விரண்டாம் வடிவினவே. மூலநிரலையும் உடன் கொடுத்து, அதனைப் படிக்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது திறந்த மூல மென்பொருள்.

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இப்பொருள் பற்றிய மனக்குறை ஒன்று அவ்வப்போது நம் செவிக்கு எட்டுகிறது. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ கணிப்பொறி இயல் பயிலும் மகனோ மகளோ நள்ளிரவு வரை விழித்திருந்து, முகமறியாத ஒருவருடைய மென்பொருளில் பிழை திருத்திக்கொண்டிருப்பதைக் கண்டு, ‘இதற்குக் கூலி யார் கொடுக்கிறார்கள்?’ என்று தந்தையார் வினவுகிறார். ‘யாரும் கொடுப்பதில்லை’ என்று விடை வருகிறது. வங்கியிலோ ரயில்வேயிலோ முப்பது ஆண்டுகள் கணக்கெழுதிய அவருக்கு அவ்விடை விளங்காததில் வியப்பில்லை. கூலியில்லாத இவ்வேலை எங்கிருந்து வந்தது, இதில் மும்பைக்கும் தமிழுக்கும் உள்ள பங்கு யாது என்பதை வரலாற்று முறையில் எடுத்துரைப்பதே இங்கு நம் நோக்கம்.

கதை பம்பாயிலேயே தொடங்குகிறது. (நகரின் பெயர் 1995-இல் மாறிற்று, அதற்கு முந்திய செய்திகளுக்குப் பழைய பெயரையே ஆள்கிறோம்.) இந்நாட்டில் வடிவமைத்துக் கட்டப்பெற்ற முதல் பொதுப்பயன் மின்னணுக் கணிப்பொறி, பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாயிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். 1926-இல் சென்னையில் பிறந்து, கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்று கணிதத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1954-இல் அந்நிலையத்தில் பணியேற்றவர். 1956-இல் சிறிய முன்மாதிரிப் பொறி ஒன்று இயங்கியது. 1960-இல் முழுப்பொறியும் பணிக்கு வந்தது. 1962-இல் நிலையத்தின் கொலாபாக் கட்டடத் திறப்பினையொட்டிப் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயரிட்டார்.

அப்பொறியில் ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழல்கள் இருந்தன. நினைவகத்தில் 2,048 சொற்கள் அடங்கின. ஒவ்வொரு சொல்லும் 40 இருமக் கூறுகள் கொண்டது. கணக்கிட்டுப் பார்த்தால் மொத்தமே 81,920 கூறுகள் ஆகின்றன. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைச் சேமிக்க அதைப்போல் பன்னூறு மடங்கு இடம் வேண்டும். ஆயினும் அச்சிறு நினைவகத்தை வைத்துக்கொண்டு, அணு ஆராய்ச்சியாளர்களும் பல்கலைக்கழகத்தினரும் ஆண்டுக்கணக்கில் தங்கள் கணக்குகளைப் போட்டுவந்தனர்.

கணிப்பொறியைக் கட்டிப் பழகியோர் இந்நாட்டில் இல்லாத அக்காலத்தில், இளம் பொறியியலாளர் சிலர் இதனை எவ்வாறு கட்டினர்? அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து உயர் ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் வான் நியூமனும் அவர்தம் துணைவர்களும் 1946 முதல் ஒரு கணிப்பொறியின் அமைப்பை விளக்கி அறிக்கைகள் வெளியிட்டு வந்தனர். காப்புரிமை பெற்றுப் பூட்டி வைக்காமல், அவற்றைப் பொதுவுடைமையாக்கிப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பினர். இலினாய் பல்கலைக்கழகத்திலும், இஸ்ரேலிலும், ஸ்வீடனிலும் அக்குடும்பத்துப் பொறிகள் எழுந்தன. பம்பாய்ப் பொறியும் அவ்வழியில் வந்ததே. ‘திறந்த மூலம்’ என்னும் சொல் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்னரே, மூலத்தைத் திறந்து வைத்தவரின் பயனை நம் நாடு துய்த்துவிட்டது. டிஃப்ராக்கைப் பற்றி எழுதுவோர் இதனை ஓரிரு வரிகளில் கடந்து விடுகின்றனர். நமக்கோ இதுவே அக்கதையின் நடுநாயகமாகத் தோன்றுகிறது.

அந்நாளில் மென்பொருளுக்கெனத் தனி விலை இல்லை. பொறியை வாங்கினால் அதனோடு நிரல்களும் வரும். மூலநிரலும் பல வேளைகளில் உடன்வரும். ஒரு பல்கலைக்கழகத்தார் எழுதியதை மற்றொருவர் வாங்கித் திருத்திக்கொள்வர். 1969-இல் ஐ.பி.எம். நிறுவனம் பொறிக்கும் மென்பொருளுக்கும் தனித்தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. அதன்பின் மென்பொருள் படிப்படியாக விற்பனைச் சரக்காயிற்று. மூலநிரல் வணிக மறைபொருளாயிற்று.

இதனை எதிர்த்துக் கிளம்பியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த அவருடைய சினத்துக்கு வித்தாக அமைந்தது ஓர் அச்சுப்பொறி என்பது வேடிக்கை. பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால் அனைவர்க்கும் செய்தி அனுப்புமாறு அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். 1980-ஐயொட்டி ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதற்கு மூலநிரல் இல்லை. மூலத்தை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரிடம் சென்று கேட்டபோது, ‘பிறர்க்குத் தருவதில்லை என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துவிட்டேன்’ என்று அவர் மறுத்துவிட்டார். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் ‘க்னூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985-இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் நிறுவினார். 1989-இல் வெளியான அவருடைய பொது உரிமத்தின் சாரம் இதுவே: ‘இம்மென்பொருளை நீ திருத்தலாம், வழங்கலாம், வழங்குங்கால் நீ பெற்ற உரிமையைப் பிறர்க்கு மறுத்தல் ஆகாது.’

இங்கு மொழிபெயர்ப்பாளர் என்னும் முறையில் ஒரு சிறு பெருமிதத்துக்கு இடமிருக்கிறது. ஸ்டால்மன் தம் கொள்கைக்கு இட்ட ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ஃப்ரீ’ என்னும் சொல் விலையின்மையையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். ஆகவே ‘நான் பேசுவது விலையைப் பற்றியன்று, உரிமையைப் பற்றி’ என்று அவர் மேடைதோறும் விளக்க நேர்ந்தது. தமிழில் அத்தொல்லை இல்லை. ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று நம்மவர் மொழிபெயர்த்தவுடனே பொருள் தெளிந்துவிட்டது. 1998-இல் அமெரிக்காவில் சிலர், வணிகர்களை அச்சுறுத்தாத பெயராக ‘திறந்த மூலம்’ என்பதனைப் புனைந்தனர். இரு பெயர்க்கும் உரியோரிடையே கொள்கைப் பிணக்கு இன்னும் உண்டு. அதற்குள் நாம் நுழையவில்லை.

ஸ்டால்மன் திட்டத்தில் இயக்குதளத்தின் கரு மட்டும் நெடுநாள் முடியாமல் கிடந்தது. அதனை நிறைவேற்றியவர் ஒரு மாணவர். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி இயல் பயின்ற லைனஸ் டோர்வால்ட்ஸ், தம் 21-ஆம் வயதில், 1991 ஆகஸ்டில், ‘பொழுதுபோக்காக ஒரு கரு எழுதுகிறேன்’ என்னும் கருத்துப்பட அறிவித்தார். 1992-இல் அதனைப் பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். அதுவே லினக்ஸ். 1996-இல் கே.டி.ஈ. என்னும் திரைமுகத்தைத் தொடங்கிய மத்தியாஸ் எட்ரிக் ஜெர்மனியில் மாணவர். 1997-இல் க்னோம் திரைமுகத்தைத் தொடங்கிய இருவரும் மெக்சிகோ நாட்டு இளைஞர்கள். மாணவர் வேலை என்று இதனைப் பெற்றோர் இகழ்ந்தால், மாணவர் வேலைதான் என்று ஒப்புக்கொள்வதே முறை. அவ்வேலை இன்று பங்குச் சந்தைகளையும் கைபேசிகளையும் தாங்கி நிற்கிறது என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

மும்பை மாணவர்க்கு இவை எவ்வாறு எட்டின? 1985-இல் எஸ். ரமணி அவர்களின் தலைமையில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் பம்பாயில் அமைந்தது. ஜூஹுவிலிருந்த அம்மையம், கல்வி நிலையங்களை இணைக்கும் ‘எர்நெட்’ வலையமைப்பில் முன்னின்று, வெளிநாட்டு வலையமைப்புகளோடு இந்தியாவை இணைத்த வாயில்களுள் ஒன்றாயிற்று. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள். விதேஷ் சஞ்சார் நிகம் அதனை வழங்கியது. மாணவர்க்குக் கிடைத்த குறைந்த கட்டண இணைப்பில் எழுத்துக்கள் மட்டும் தெரியும், படங்கள் வாரா. அவ்விணைப்பின் வழியே லினக்ஸ் முழுவதையும் இறக்குவது கனவிலும் இயலாது. ஆகவே கணிப்பொறி இதழ்களோடு இணைந்து வந்த குறுந்தட்டே அந்நாளைய மாணவர்க்குக் கலைக்களஞ்சியமாயிற்று. பி.சி. குவெஸ்ட் இதழ் லினக்ஸைக் குறுந்தட்டில் பதித்து வழங்கியது. ஒருவர் வாங்கிய தட்டு கைமாறிப் பத்துப் பேர் கணிப்பொறியில் ஏறும். விலைமென்பொருளாயின் அது திருட்டு. இங்கோ அதுவே உரிமத்தின் விருப்பம். மாதச் செலவை எண்ணி எண்ணிச் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு சிறிதன்று.

2000-ஆம் ஆண்டையொட்டி, வெங்கடேஷ் ஹரிஹரன், பிரகாஷ் அத்வானி ஆகியோர் ‘இண்ட்லினக்ஸ்’ என்னும் முயற்சியைத் தொடங்கினர். இந்திய மொழிகளில் லினக்ஸை இயக்குவது அதன் நோக்கம். முதலில் இந்தி எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்குத் தேசிய மென்பொருள் மையம் பொது உரிமத்தில் வழங்கிய எழுத்துரு துணை செய்தது. அதன் பின்னணியில் நின்றவர், கையெழுத்துக் கலையில் பெயர்பெற்ற பேராசிரியர் ஆர். கே. ஜோஷி. 2003-இல் அம்மையம் சி-டாக் நிறுவனத்தோடு இணைக்கப்பெற்றது.

தமிழின் கதை வேறு வகையில் நடந்தது. அதனை நடத்தியவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ அமைத்தார். 1997-இல் தமிழிணைய மாநாட்டுக்கு அந்நகரமே முதலில் இடமளித்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த கு. கல்யாணசுந்தரம் இலவச எழுத்துரு வழங்கியதோடு, 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கினார். தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு, எவரும் இறக்கிப் படிக்கும்படி வைக்கும் அத்திட்டம், நாம் முதலிற் சொன்ன ‘மூலம்’ என்பதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவை முதலாண்டுகளில் வளர்த்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஐக்கிய அரபு நாடுகளுக்குச் சென்று பணிபுரிந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். ‘தமிழா’ என்னும் தன்னார்வக் குழு ‘எ-கலப்பை’ என்னும் தட்டச்சுக் கருவியை விலையின்றி வழங்கியது. நாற்றிசையிலும் தமிழில் மின்னஞ்சல் எழுதத் தொடங்கியோர் பலர் அக்கலப்பையைப் பிடித்தவர்களே.

தாயகமும் வாளாவிருக்கவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாய்த் ‘தமிழ்99’ விசைப்பலகை பிறந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் தொகுப்பை உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அது மாணவர் கைக்குச் சென்றது. 2012 சனவரி முதல் ‘கணியம்’ என்னும் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பித்து வருகிறது. அமெரிக்காவில் பொறியாளராயிருக்கும் முத்து அண்ணாமலை, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் ‘எழில்’ என்னும் மொழியை உருவாக்கி, அதன் மூலத்தையும் திறந்து வைத்தார்.

இனி, மென்பொருளைத் தமிழாக்குதல் என்பது யாது என்பதைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்; நம் தொழிலுக்கு அண்மையது ஆதலின் இவ்விருப்பத்தை நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம், ஒரு சொல்லைக் குழுக் கூடி, ஆய்ந்து, குறிப்பெழுதி, ஒப்புதல் பெற்றுக் கலைச்சொல் தொகுதியில் சேர்க்கிறோம். அச்சொல்லை எவரேனும் ஆண்டாரா என்று பின்னர்ப் பார்ப்பது அரிது. கட்டற்ற மென்பொருள் குழுவினர் செய்வது நேர்மாறு. சொல்லைத் திரையில் ஏற்றிவிடுகின்றனர். ஆள்வோர் முகஞ்சுளித்தால் மாற்றுகின்றனர். ‘கோப்பு’, ‘சாளரம்’, ‘உலாவி’, ‘கடவுச்சொல்’ ஆகியன இவ்வாறு ஆட்சியினால் நிலைத்தவை. கோப்புக்களை அடுக்கும் இடத்துக்கு ‘அடைவு’ என்பாரும் ‘கோப்புறை’ என்பாரும் இன்னும் உளர். சொல் தேர்வில் அவர்கள் முறையே சிறந்தது என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

சொல்லினும் பெரிய சிக்கல் தொடரில் இருக்கிறது. நிரலாசிரியர் ஒரு வாக்கியத்தில் கோப்பின் பெயர் வருமிடத்தை வெற்றிடமாக விட்டு வைப்பார். ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்கும் சொல் தனியே நிற்கும். எந்தப் பெயர் வந்து நிரம்பினாலும் வாக்கியம் கெடாது. தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டு பெயரையே மாற்றுகிறது: மரம், மரத்தில் ஆகும், வீடு, வீட்டில் ஆகும், நாடு, நாட்டில் ஆகும். வரப்போகும் பெயர் யாதெனத் தெரியாமல் உருபை எவ்வாறு ஒட்டுவது? ‘இன்ன பெயருடைய கோப்பில்’ என்று நடுவே ஒரு சொல்லை ஊன்றி மொழிபெயர்ப்பாளர் தப்பிக்கிறார். இரண்டு வெற்றிடங்கள் உள்ள தொடராயின், வினை இறுதியில் நிற்கும் நம் மொழிக்கேற்ப அவற்றின் வரிசையையும் மாற்ற வேண்டும். நிரலாசிரியர் அதற்கு வழி விடாவிட்டால் தமிழ் முடவாகிறது. மூலம் திறந்திருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. மொழிபெயர்ப்பாளர் மூலநிரலைத் திறந்து, வெற்றிடம் எங்கே எவ்வாறு விடப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், ஏற்பதும் மறுப்பதும் அத்திட்டத்தாரின் பொறுப்பு. பூட்டிய மென்பொருளில் தொடர் கெட்டிருந்தால் முறையீடு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

மரியாதையும் ஒரு சிக்கல். ‘சேமி’, ‘திற’, ‘நீக்கு’ என்று பட்டியில் எழுதுவதைக் கண்டு, ‘பொறி என்னை ஒருமையில் விளிக்கிறதே!’ என்று மனம் நோவோர் உண்டு. அங்கே ஏவுபவர் நாம், ஏவப்படுவது பொறி, ஆகவே ஒருமை தகும். ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்று வருமிடத்தில் பொறி நம்மை வேண்டுகிறது. அங்குப் பணிவு வேண்டும். யார் யாரோடு பேசுகிறார் என்று அறியாமல் மொழிபெயர்த்தால் திரையில் ஏவலும் வேண்டலும் குழம்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் ஆளும் சொல்லை அப்படியே பெயர்த்தால் ‘கொல்’ என்றாகும். ‘முடி’ என்று எழுதுவதே மனிதப் பண்பு.

மும்பைக்குத் திரும்புவோம். பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், வேதிப் பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா, மத்திய அரசாங்கத்தின் கல்வித் திட்டத்தின்கீழ் இரு பணிகளை வளர்த்தார். ஒன்று, கல்லூரிகளில் விலைமிக்க மென்பொருளுக்கு மாற்றாகத் திறந்த மென்பொருளைப் பழக்கும் ‘ஃபோசீ’ திட்டம். பாடநூல்களில் தீர்த்துக் காட்டிய கணக்குகளை ஸைலாப் என்னும் திறந்த மென்பொருளில் மாணவர்கள் நிரலாக்கி அனுப்ப, அவை சரிபார்க்கப்பெற்று எவரும் ஆளும்படி வெளியிடப்பெற்றன. அனுப்பிய மாணவர்க்கு மதிப்பூதியமும் உண்டு. ‘கூலி யார் கொடுக்கிறார்கள்?’ என்று கேட்ட தந்தையார்க்கு இதனை எடுத்துச் சொல்லலாம். கூகுள் நிறுவனமும் 2005 முதல் கோடைக்காலத் திட்டம் ஒன்றின் வழியாகத் திறந்த மென்பொருளில் உழைக்கும் இளைஞர்க்கு உதவித்தொகை அளித்துவருகிறது.

மற்றொன்று ‘பேசும் பாடம்’ எனத்தக்க திட்டம். ஏறத்தாழப் பத்து மணித்துளி அளவுள்ள படப்பாடங்களில், திரையில் மென்பொருள் இயங்குவதைக் காட்டிக் குரலால் விளக்குவர். திரை ஆங்கிலத்திலேயே இருக்கும். குரலை மட்டும் இந்திய மொழிகளில் மாற்றிப் பதிவர். தமிழும் அவற்றுள் ஒன்று. ஆங்கிலக் குரல் ஒரு பொத்தானைச் சொல்லும் அதே நொடியில் தமிழ்க் குரலும் அப்பொத்தானைச் சொல்லியாக வேண்டும். தமிழ் வாக்கியமோ நீளமானது. பொருளைக் குறைக்காமல் சொல்லைக் குறைக்கும் அக்கலை எளிதன்று. பாடத்தை வெளியிடுமுன், அப்பொருளறியாத புதியவர் ஒருவரைப் பார்க்கச் செய்து, அவரால் தனியே செய்ய முடிகிறதா என்று சோதிக்கும் விதியும் அங்கு உண்டு. இவ்விதியை நம் அரசாங்க அறிக்கைகளுக்கும் வைத்தால் எத்தனை அறிக்கைகள் தேறும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

செம்பூரை அடுத்த மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியற் கல்வி மையம் இருக்கிறது. 1974-இல் டாட்டா நிலையத்தின் ஓர் உறுப்பாகத் தொடங்கியது. 2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியபின், அதன் தலைமையை ஏற்றுப் பல்லாண்டு பணிபுரிந்த ஜி. நாகார்ஜுனா இம்மையத்தின் ஆசிரியராக இருந்தவர். பள்ளிக் கல்வியில் கட்டற்ற மென்பொருளைப் புகுத்தும் முயற்சிகள் பல இங்கிருந்து நடைபெற்றன.

தாராவியின் நயா நகர்ப் பகுதியில் 2014-ஐயொட்டித் திரைப்படக் கலைஞர் நவ்நீத் ரஞ்சன் ‘தாராவி டைரி’ என்னும் முயற்சியைத் தொடங்கினார். அங்குள்ள சிறுமியர் கைபேசிச் செயலிகளை உருவாக்கினர். அவர்கள் ஆண்ட கருவி, மாசசூசெட்ஸ் கழகம் நடத்தும் ‘ஆப் இன்வென்டர்’; அதன் மூலநிரல் 2012-இல் பொதுவில் திறக்கப்பெற்றது. துண்டுப் படங்களைக் கோத்து நிரல் அமைப்பது அதன் முறை. பொம்மைக் கட்டைகளை அடுக்குவதைப் போன்றது. ஆபத்திலிருக்கும் பெண் தன் இருப்பிடத்தை வேண்டியவர்க்கு அறிவிக்கும் செயலி ஒன்று. பொதுக் குழாயில் தன் முறை வந்ததை அறிவிக்கும் ‘பானி’ என்னும் செயலி மற்றொன்று. தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நின்று பள்ளி நேரத்தை இழந்த பிள்ளைகளுக்கே அச்செயலி தோன்றியிருக்க முடியும். வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கில் அத்தேவை என்றும் வந்திராது.

தாராவியில் தமிழர் குடியேற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, தோல் பதனிடும் தொழிலோடு வந்தது. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்தி வந்திருக்கிறது. ஆனால் தமிழ்வழி வகுப்புக்களில் சேரும் பிள்ளைகளின் தொகை சுருங்கிக்கொண்டே வருகிறது. தொடக்கப்பள்ளியோடு தமிழ் நின்றுவிட, மேல்வகுப்பை வேற்றுமொழியில் தொடர்வதே நெடுங்காலம் பலர்க்கும் வாய்த்த வழி. மாட்டுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிய தலைமுறையின் பேரர்கள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர், எழுதுவோர் குறைவு. மாட்டுங்காவிலேயே இருக்கும் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகத்திலும், செம்பூர்ப் பொறியியற் கல்லூரிகளிலும் நிரல் எழுத வல்ல தமிழ்ப் பிள்ளைகள் உளர். தமிழைப் பிழையின்றி எழுத வல்ல முதியோரும் அதே தெருக்களில் உளர். இரண்டும் ஒருவரிடத்தே அமைவதுதான் அரிதாகி வருகிறது.

இது மும்பையோடு நிற்கும் சங்கடம் அன்று. தமிழாக்கம் ஒரு முறை செய்து முடிப்பது அன்று என்பதை அறிந்தோர் சிலரே. மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் புதிய தொடர்கள் சேர்கின்றன. தன்னார்வலர்க்கு வேலை கிடைக்கும், திருமணம் ஆகும், ஊர் மாறும், தமிழாக்கம் தேங்கும். மொழிபெயர்க்கப்படாத தொடர்கள் ஆங்கிலத்திலேயே தோன்ற, திரை பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாய் நிற்கும். அதனைக் கண்டு வெறுத்து ஒருவர் முழுதும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால், தமிழ்ப் பதிப்பில் பிழை சொல்ல ஓர் ஆள் குறைந்தது.

இதனை ஈடுசெய்யும் முறை கடினமன்று. தாத்தாவும் பேரனும் ஒரு கணிப்பொறி முன் அமர்ந்து செய்யத்தக்கதே. திட்டத்தின் தொடர்ப் பட்டியலைத் திறந்தால் ஒரு பக்கம் ஆங்கிலத் தொடரும், மறுபக்கம் அதற்கான தமிழ் இடமும் இருக்கும். நிரம்பாத இடங்கள் தனியே குறிக்கப்பட்டிருக்கும். நிரப்பி அனுப்பினால், முன்பே பணிபுரிபவர் ஒருவர் பார்த்துக் குறை கூறுவார். திருத்தி மீண்டும் அனுப்பினால் ஏற்பார். முதல் முறையே ஏற்கப்பெறும் என்று எதிர்பார்க்கலாகாது. நாம் அனுப்பிய பன்னிரண்டு தொடர்களில் ஐந்து திரும்பி வந்தன. இரண்டில் நம் சந்திப்பிழையை ஒரு கல்லூரி மாணவி சுட்டியிருந்தார். இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர்க்கு அது இனிமையாக இல்லை. ஆனால் அவர் சொன்னது சரி.

திரும்பி வந்தவற்றுள் ஒரு தொடர் இன்னும் முடிவாகாமல் இருக்கிறது. ஆள்பவர் எதனையும் தேர்ந்தெடுக்காதபோது பொறி தானே கொள்ளும் அமைப்பை ஆங்கிலத்தில் ‘டிஃபால்ட்’ என்பர். ‘முன்னிருப்பு’ என்பது ஒரு சாரார் முடிபு. ‘இயல்பிருப்பு’ என்பது மறுசாரார் முடிபு. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. நாம் இயல்பிருப்பை எழுதி அனுப்பினோம். அம்மாணவி முன்னிருப்பையே விரும்புகிறார். இன்று மாலை அவருக்கு மறுமொழி எழுதவேண்டியிருக்கிறது.